உண்கலத்தில் நோயைக் கண்டவர்

1914ஆம் ஆண்டின் வசந்தகாலத்திலே, ஐக்கிய அமெரிக்காவின் தென்மாநிலங்களில் உள்ள மனநோய் விடுதிகளையும் அநாதைச் சாலைகளையும் ஒன்றன்பின் ஒன்றாகச் சுற்றிவந்தார் ஒரு மருத்துவர். அவ்விடங்களில் ஒரு கொடிய நோய் குடிகொண்டிருந்தது. அதனை ஆராயும்பொருட்டே அரசாங்கம் அவரை அனுப்பியிருந்தது. ஆயினும் அவர் பார்வை நோயாளரோடு நின்றுவிடவில்லை. அவர்களைக் குளிப்பாட்டி, உணவூட்டி, தூக்கிக் கிடத்தி, அதே கூரையின்கீழ் ஆண்டுக்கணக்காகப் பழகிவந்த தாதியரையும் ஏவலாளரையும் அவர் உற்று நோக்கினார். அவர்களை அந்நோய் அணுகியதில்லை. விடுதியிலே பத்து ஆண்டுகளாகக் கிடந்த மனநோயாளி ஒருவருக்குப் புதிதாக அந்நோய் வருகிறது. அவருக்குப் பத்து ஆண்டுகளாகப் பணிவிடை செய்தவருக்கு வரவில்லை. தொற்றுநோயாயின் ஆள் பார்த்தா தொற்றும்? இக்கேள்வி வேறு சிலருக்கும் தோன்றியிருக்கலாம். ஆனால் விடை காணுமட்டும் அதனை விடாது பற்றிநின்றவர் அவரே. அவர் பெயர் ஜோசப் கோல்ட்பேர்கர்.

அந்நோயின் பெயர் பெலாக்ரா. நம்மவருட் பலர் இப்பெயரைக் கேள்வியுற்றிருக்கமாட்டார். தீட்டிய அரிசியையே நம்பி வாழ்ந்த கீழைநாட்டாருக்குப் பெரிபெரி வாய்த்தது போல, சோளத்தையே நம்பி வாழ்ந்த மேலைநாட்டு ஏழைகளுக்கு வாய்த்தது பெலாக்ரா. வசந்தகால வெயில் ஏறும்போது நோயாளியின் புறங்கைகளிலும் பாதங்களிலும் முகத்திலும் வெந்த புண்போற் செந்நிறம் படரும். பின்னர் அது கறுத்துத் தடித்து உரியும். கழுத்தைச் சுற்றி மாலையிட்டாற்போல் ஒரு வளையம் தோன்றும். நாவும் வாயும் புண்ணாகும்; வயிற்றோட்டம் தொடரும்; உறக்கம் கெடும்; மனம் சோர்ந்து, கலங்கி, ஈற்றில் அறிவு பேதலிக்கும். சிலர் முதல் ஆண்டிலேயே மடிவர். பலருக்கு அது கூதிர்காலத்தில் ஒளித்து, அடுத்த வசந்தத்தில் மீண்டும் தலைகாட்டி, ஆண்டாண்டாக உடலை அரித்துவரும். தென்மாநிலங்களின் மனநோய் விடுதிகளுக்கு அது அனுப்பிய மக்கள் மிகப் பலர்.

ஸ்பெயின் தேசத்து அஸ்தூரியாஸ் நாட்டிலே கஸ்பார் கசால் என்னும் வைத்தியர் 1735இல் இந்நோயை முதன்முதலாக விவரித்தார். 1771இல் இத்தாலிய வைத்தியரான பிராபொல்லி அதற்குக் கரடுமுரடான தோல் என்னும் பொருளமைந்த பெலாக்ரா என்ற பெயரைப் பதித்தார். வட இத்தாலியின் குடியானவர் நூறாண்டுக்கு மேலாக இந்நோயால் நலிந்தனர். அமெரிக்காவிலோ 1907ஆம் ஆண்டில் அலபாமா மாநிலத்து மனநோய் விடுதியொன்றில் அது கொள்ளைபோல் எழுந்த செய்தியை ஜோர்ஜ் சேர்சி என்பவர் வெளியிட்ட பின்னரே வைத்தியர் விழித்துக்கொண்டனர். அடுத்த முப்பது நாற்பது ஆண்டுகளில் அந்நாட்டில் இந்நோய்வாய்ப்பட்டோர் ஏறக்குறைய 30 இலட்சம் பேர் என்றும், மாண்டோர் ஓரிலட்சம் பேர் என்றும் பின்வந்தோர் மதிப்பிட்டுள்ளனர்.

காரணம் யாதெனக் கேட்டால் ஆளுக்கொரு விடை இருந்தது. கெட்டுப்போன சோளத்தில் விளையும் நஞ்சே காரணம் என்றனர் இத்தாலியர். தென் கரோலினாவின் ஸ்பார்ட்டன்பேர்க் வட்டாரத்தில் 1912 முதல் ஆராய்ந்த தொம்ஸன்–மக்பேடன் ஆணைக்குழுவினர், மலசலகூட வசதியற்ற இடங்களிலே நோய் மிக்கிருப்பதைக் கண்டு, இஃது ஒரு கிருமியால் பரவுவதே என முடிவுகட்டினர். சில குடும்பங்களின் குருதியிலேயே இதற்கான பலவீனம் உண்டு என்று பரம்பரையின்மேற் பழிபோட்டோரும் இருந்தனர். அது கிருமியியலின் பொற்காலம். பாஸ்ச்சரும் கொக்கும் வகுத்த வழியில் நோய்க்கொரு கிருமியாகக் கண்டுபிடிக்கப்பட்டு வந்த காலத்தில், கிருமியில்லாத நோய் ஒன்று உண்டென்பது கற்றவர் செவிக்கு ஏறவில்லை. விளைவு, நோயாளர் தீண்டத்தகாதோர் ஆயினர். அவர்களை ஏற்க மறுத்த வைத்தியசாலைகளும் உண்டு.

இத்தகைய வேளையில் இப்பணி கோல்ட்பேர்கரிடம் வந்தது. அவர் யாவர்?

1874ஆம் ஆண்டு ஜூலை 16ஆந் திகதி, அக்காலத்தில் ஒஸ்திரிய–ஹங்கேரிப் பேரரசுக்குள் இருந்ததும் இன்று ஸ்லொவாக்கியாவில் உள்ளதுமான கிரால்ட் என்னும் ஊரில், ஓர் எளிய யூதக் குடும்பத்தில் அவர் பிறந்தார். ஒன்பது வயதளவில் பெற்றோருடன் நியூயோர்க் வந்து சேர்ந்தார். நகரின் கீழ்க்கிழக்குப் பகுதியில், வந்தேறிகள் நெருங்கி வாழ்ந்த சேரியிலே, தந்தையார் ஒரு சிறு பலசரக்குக் கடை வைத்தார். பொறியியல் கற்கப் புகுந்த மைந்தன், நண்பரோடு சென்று தற்செயலாகக் கேட்ட ஒரு வைத்திய விரிவுரையில் மனம்பறிகொடுத்து, துறையை மாற்றிக்கொண்டார். 1895இல் பெல்வியூ வைத்தியக் கல்லூரியிற் சிறப்புடன் தேறினார். பென்சில்வேனியாவிற் சிலகாலம் தனித்தொழில் செய்து பார்த்தார். அது அவருக்கு ஒத்துவரவில்லை. 1899இல் அரசாங்கத்தின் கடற்றுறை வைத்தியசாலைச் சேவையிற் சேர்ந்தார். பிற்காலத்தில் பொதுச் சுகாதாரச் சேவை என வளர்ந்த அத்தாபனத்திலேயே அவர் ஆயுள் முழுவதும் கழிந்தது.

முதல் வேலை, நியூயோர்க் துறைமுகத்திற் கப்பலிலிருந்து இறங்கும் வந்தேறிகளைப் பரிசோதித்தல். தாமும் ஒருகால் அவ்வாறே வந்திறங்கிய சிறுவர் அன்றோ! பின்னர் நோய் எங்கெழுந்ததோ அங்கெல்லாம் அனுப்பப்பட்டார். மஞ்சட் காய்ச்சலை ஆராயச் சென்று அதனைத் தாமே வாங்கிக்கொண்டார். டெக்சாஸ் மாநிலத்தில் டெங்குக் காய்ச்சலும், மெக்சிக்கோ நகரில் தைபசுக் காய்ச்சலும் அவரைப் பற்றின. 1909இல் பிலடெல்பியாத் துறைமுகத்து மாலுமிகளிடையே ஒரு விநோதமான சொறி பரவியபோது, அவர்கள் படுத்த வைக்கோல் மெத்தைகள் இரண்டின் நடுவே தம் கையை நுழைத்து ஒரு மணி நேரம் வைத்திருந்தார். கையிற் சொறி கண்டது. மெத்தையிலிருந்த நுண்ணிய உண்ணிகள் அகப்பட்டன. தம் உடலையே ஆய்வுக்கூடமாக்கும் இப்பழக்கம் பின்னர் அவருக்குப் பெரிதும் உதவிற்று.

1906இல் அவர் மணம்புரிந்த கதை தனியே எழுதத்தக்கது. மணமகள் மேரி பாரர், நியூ ஓர்லியன்ஸ் நகரத்துச் செல்வாக்கு மிக்க வழக்கறிஞர் ஒருவரின் மகள். உள்நாட்டுப் போரிலே தென்மாநிலங்களின் தலைவராய் விளங்கிய ஜெபர்சன் டேவிசின் உறவுவழிப் பேத்தி. ஒருபுறம் யூத வந்தேறியின் மைந்தன், மறுபுறம் கிறித்தவத் தென்னாட்டின் பழங்குடிப் பெருமை. இருவீட்டாரும் தடுத்தனர், இருவரும் பின்வாங்கவில்லை. தென்னாடு பின்னாளில் எவரை அந்நியர் என்று தூற்றியதோ, அவர் அந்நாட்டு மருமகனாகவே இருந்தார் என்பது நினைவில் இருக்கட்டும்.

விடுதிகளைச் சுற்றிப்பார்த்த சில வாரங்களுள் அவர் தம் முடிவுக்கு வந்துவிட்டார். 1914 ஜூன் மாதத்திலேயே அதனைச் சிறு குறிப்பாக வெளியிட்டார். நோயாளரும் பணியாளரும் ஒரே இடத்தில் வாழ்ந்தாலும் ஒரே உணவை உண்பதில்லை. பணியாளர் நல்லவற்றைத் தமக்கெனத் தெரிந்தெடுக்க வல்லவர். நோயாளருக்கோ சோளக்களியும் பாணியும் பன்றிக் கொழுப்புமே கதி. மிசிசிப்பி மாநிலத்து ஜக்சன் நகரின் அநாதைச் சாலையில் அவர் கண்டது இதனினும் துலக்கமானது. அங்கே சிறு குழந்தைகளுக்கு நோய் அரிது. பன்னிரண்டு வயதுக்கு மேற்பட்டோருக்கும் அரிது. இடைப்பட்ட ஆறு முதல் பன்னிரண்டு வயதுச் சிறுவரையே அது வாட்டிற்று. எந்தக் கிருமி இவ்வாறு வயது கேட்டு வரும்? சமையற்கட்டில் விசாரித்தார். மழலைகளுக்குப் பால் கிடைத்தது. வேலைசெய்யும் வயதினருக்கு இறைச்சி கிடைத்தது. இடையில் நின்றவருக்கு இரண்டும் இல்லை.

அரசாங்கச் செலவில் ஜக்சனின் இரண்டு அநாதைச் சாலைகளில் பாலும் முட்டையும் இறைச்சியும் பயற்றினங்களும் சேர்க்கப்பட்டன. மலசலகூடத்தில் மாற்றமில்லை, நெருக்கடியில் மாற்றமில்லை, புதிய பிள்ளைகளின் வரவும் நிற்கவில்லை. 1914இல் அங்கே நோயுற்றிருந்தோர் இருநூற்றுக்கு மேல். அவர்களுள் அடுத்த ஆண்டும் அங்கேயே இருந்தவர் 170க்கு மேற்பட்டோர். நோய் திரும்பியது ஒரே ஒருவருக்கு. ஜோர்ஜியாவின் மில்லெட்ஜ்வில் மனநோய் விடுதியிலும் இதே கதை. உணவு திருத்தப்பட்ட பிரிவுகளில் ஒருவருக்கும் நோய் மீளவில்லை. பழைய உணவே தொடர்ந்த பிரிவில் ஏறக்குறையப் பாதிப்பேருக்கு மீண்டது.

நோயை நீக்கிக் காட்டினாற் போதாது, உண்டாக்கியும் காட்டு என்றனர் எதிரிகள். அதற்கும் அவர் துணிந்தார். மிசிசிப்பியின் கவர்னர் ஏள் புரூவரோடு பேசி, ராங்கின் சிறைப் பண்ணையிலே கைதிகள் பன்னிருவரைத் தெரிந்துகொண்டார். அனைவரும் உடல்நலமிக்க வெள்ளை ஆடவர். அந்நோய்க்கு எளிதில் ஆட்படாத கூட்டத்தார் என்றே அவர்கள் தேர்ந்தெடுக்கப்பட்டனர். ஆய்வு முடிந்ததும் விடுதலை என்பது உடன்பாடு. 1915 ஏப்பிரில் 19 முதல் ஒக்டோபர் 31 வரை, தென்னாட்டு ஏழையின் உணவே அவர்களுக்கு உணவாயிற்று: வெள்ளை மாப்பண்டம், சோளக்களி, சோளப் பாண், சோறு, பாணி, சர்க்கரை வள்ளி, சிறிது கீரை, கோப்பி. வயிறு நிறைய உண்ணத் தடையில்லை. முதலில் இஃது ஒரு விருந்தென மகிழ்ந்தவர்கள், சில மாதங்களில் முதுகுவலி, தலைச்சுற்று, சோர்வு எனப் புலம்பலாயினர். இடையில் ஒருவர் வேறு பிணியால் விலக்கப்பட்டார். எஞ்சிய பதினொருவருள் அறுவருக்குத் தோலில் பெலாக்ராவின் அடையாளம் தோன்றியது. வெளியிலிருந்து வந்து பார்த்த தோல்நோய் நிபுணரும் அதனை உறுதிசெய்தனர். அதே பண்ணையில் வழக்கமான உணவை உண்ட ஏனைய கைதிகளுக்கு எதுவும் நேரவில்லை.

இவ்விடத்தில் எமக்கு ஓர் உறுத்தல் உண்டு. பூட்டிய கதவுக்குள் இருப்பவன் விடுதலைக்கு ஈடாகத் தரும் சம்மதம் எத்துணைச் சம்மதம்? இன்று எந்த ஆய்வு ஒழுக்கக் குழுவும் இதற்கு இணங்காது. அநாதைச் சாலையொன்றில் நல்லுணவுக்கான பணம் நின்று பழைய உணவு மீண்டபோது நோயும் மீண்டதும், உணவைத் திருத்திய பின் அது மறைந்ததும் சான்றாக எழுதப்பட்டுள்ளன. அப்பிள்ளைகளை எவரும் ஒரு வார்த்தை கேட்டிருக்க முடியாது. கோல்ட்பேர்கரின் புகழ் இவர்கள் உடல்மீதும் எழுந்தது என்பதை மறைக்க வேண்டியதில்லை. ஆனால் பிறர் உடலை மட்டும் அவர் பணயம் வைக்கவில்லை. அடுத்து வந்த ஆய்வில் பணயமானது அவர் தம் உடலும், அவரினும் இனிய மற்றோர் உடலும்.

கைதிகளின் நோய் பெலாக்ராவே அன்று என்று சிலரும், கிருமி எங்கிருந்தாவது உட்புகுந்திருக்கலாம் என்று சிலரும் சாதித்தனர். அவ்வாறாயின் நோயாளியிடமிருந்து நோயை எம்முள்ளே ஏற்றிக் காட்டுகின்றோம் என்று புறப்பட்டார் கோல்ட்பேர்கர். 1916 ஏப்பிரில் முதல் ஜூன் வரை அவரும் அவருடன் சேர்ந்தோருமாகப் பதினாறு பேர் ஏழு தடவை இதனைச் செய்தனர். நோயாளரின் குருதியை ஊசிவழி ஏற்றிக்கொண்டனர். மூக்கிலும் தொண்டையிலுமிருந்து எடுத்த கசிவைத் தம் மூக்கிலும் தொண்டையிலும் தடவிக்கொண்டனர். உரிந்த தோற்பொருக்கையும் மலசலத்தையும் மாவோடு பிசைந்து உருண்டையாக்கி விழுங்கினர். எழுதவே கூசும் இச்செய்திக்கு அவர்கள் தமக்குள் ஒரு வேடிக்கைப் பெயரும் வைத்திருந்தனர். அருவருப்பு விருந்து எனத் தமிழிற் சொல்லலாம். பதினாறு பேருள் ஒருவர் பெண். அவர் மேரி கோல்ட்பேர்கர். உருண்டையை விழுங்க அவரை ஆடவர் விடவில்லை. நோயாளிப் பெண்ணொருத்தியின் குருதியை ஏற்றிக்கொண்டார். வயிற்றுக் குமட்டல் சிலருக்கு வந்தது; பெலாக்ரா எவருக்கும் வரவில்லை.

இதோடு கதை முடிந்திருக்கலாம். வேறொருவராயின் முடித்திருப்பார். உணவே காரணம் என்று நிலைநாட்டியாயிற்று. நல்லுணவு உண்க என்று ஒரு துண்டுப்பிரசுரம் வெளியிட்டால் வேலை தீர்ந்தது. ஆனால் இவர் மேலும் ஒரு படி கீழிறங்கினார். மக்கள் ஏன் அவ்வுணவை உண்கின்றனர்? பாலும் இறைச்சியும் பயறும் வேண்டாமென்றா விலக்கினர்?

இதற்குத் துணையாக வாய்த்தவர் எட்கர் சிடென்ஸ்ட்ரிக்கர் என்னும் பொருளியலறிஞர். சீனக் குடியானவரைப் பற்றிய நாவல்களால் உலகப் புகழெய்தி 1938இல் நோபல் பரிசு பெற்ற பேர்ள் பக் அம்மையாரின் தமையன் இவர். தங்கை சீனத்துக் குடிசைகளை எழுத்தில் வடித்தார். தமையனோ தென் கரோலினாவின் பஞ்சாலைக் குடிசைகளை எண்ணில் வடித்தார். இரண்டில் எது பெரிய இலக்கியம் என்று எம்மைக் கேளாதீர்கள்.

1916இல் ஏழு ஆலைக் கிராமங்களில் வேலை தொடங்கிற்று. பின்னர் இருபத்து நான்காக விரிந்தது. நோய் வைத்தியசாலைக்கு வரட்டும் என்று காத்திருக்கவில்லை. இரு வாரத்துக்கு ஒருமுறை வீடுவீடாகச் சென்று, கைகளையும் கழுத்தையும் பார்த்து, புதிதாக நோய் கண்டோரைப் பதிந்தனர். ஒவ்வொரு வீட்டிலும் எத்தனை பேர், என்ன வயது, என்ன சம்பளம், பசு உண்டா, தோட்டம் உண்டா, பதினைந்து நாளில் ஆலைக் கடையிலும் பிற இடங்களிலும் வாங்கிய உணவு என்ன என்று ஒன்றுவிடாமற் குறித்தனர். ஐந்து வயதுக் குழந்தையும் ஆலைத் தொழிலாளியும் ஒரே அளவு உண்பதில்லை. ஆதலால் வளர்ந்த ஆடவர் ஒருவரின் தேவையை ஓரலகாகக் கொண்டு ஏனையோரை அதன் பின்னமாக்கி, குடும்ப வருமானத்தை அவ்வலகால் வகுத்தனர். இன்று இவை புள்ளிவிவர மாணவருக்குப் பாலபாடம். அன்று நோயைப்பற்றி இப்படிக் கேட்டவர் மிகச் சிலர். 1948இல் அதே பொதுச் சுகாதாரச் சேவை பிராமிங்காம் நகரத்து மக்களை ஆண்டாண்டாகத் தொடர்ந்து சென்று இருதய நோயின் ஆபத்துக் காரணிகளைக் கணிக்கத் தொடங்கியபோது, வைத்தியசாலைக்கு வெளியே ஊரினிடையே நோயைத் தேடும் வழி அதற்குப் புதியதன்று.

கண்டது இதுதான். வருமானம் குறையக் குறைய நோய் மிகுந்தது. வருமானம் ஏற ஏற, ஏறக்குறைய இல்லையாயிற்று. மலசலகூடத்தின் தரத்துக்கும் நோய்க்கும் தொடர்பு காணவில்லை. முந்திய ஆணைக்குழு கண்ட தொடர்பு பொய்யன்று. மலசலகூடம் இல்லாத இடத்தில் பணமும் இல்லை என்பதே அதன் பொருள். பசு வைத்திருந்த வீடும், புதிய இறைச்சி வாங்கிய வீடும் தப்பின. இன்னும் வியப்பானது, சம்பளம் ஏறக்குறைய ஒத்திருந்த இரு கிராமங்களின் வேறுபாடு. ஒன்றில் நோய் மிக்கிருந்தது, மற்றதில் இல்லை. பிந்தியதைச் சூழ்ந்த கமக்காரர் பாலும் முட்டையும் காய்கறியும் கொணர்ந்து விற்றனர். ஆண்டு முழுவதும் புதிய இறைச்சியும் கிடைத்தது. முந்தியதைச் சூழ்ந்திருந்தது பருத்தி. வயலெல்லாம் பருத்தி, முற்றமெல்லாம் பருத்தி, வாசற்படிமட்டும் பருத்தி. கையிற் காசிருந்தாலும் வாங்கப் பால் இல்லை.

பருத்திக்காட்டு வாரக்குடியின் வாழ்வு இதனிலும் கடினம். விதைக்கும் காலம் முதல் அறுவடை வரை நிலக்காரனின் கடையில் கடன். கடனுக்குக் கிடைப்பவை சோள மா, பன்றிக் கொழுப்பு, பாணி. இவை மலிவு, கெடாதவை, வயிற்றை நிறைப்பவை. வசந்தத்தில் கையிருப்பு யாவும் தீர்ந்திருக்கும். நோயும் வசந்தத்திலேயே வரும். நோயுற்றோருள் இளம்பெண்டிர் தொகை ஆடவரினும் பன்மடங்கு மிக்கிருந்ததை அவர்கள் கணக்குக் காட்டியது. வீட்டுக்கு வரும் சிறிது பாலும் இறைச்சியும் உழைக்கும் கணவனுக்கும் குழந்தைகளுக்கும் போன பின்னர் தாயின் கலத்தில் எஞ்சுவது எது என்பதை நம் நாட்டு வாசகருக்கு விளக்க வேண்டியதில்லை.

இம்முடிவு தென்னாட்டுப் பெரியோருக்குக் கிருமியினும் கசந்தது. கிருமி எனில் பழி எவர்மேலும் இல்லை. கூலியும் குத்தகையும் எனில் பழிக்கு முகவரி உண்டு. 1920இல் பருத்தி விலை வீழ்ந்தது. வரும் ஆண்டில் பெலாக்ரா பெருகும் எனக் கோல்ட்பேர்கர் எச்சரித்தார். 1921 ஜூலையில் ஜனாதிபதி ஹார்டிங் அதனை ஏற்று, தென்னாட்டைப் பஞ்சமும் கொள்ளைநோயும் சூழ்கின்றன எனக் கூறி, செஞ்சிலுவைச் சங்கத்தின் உதவியை நாடினார். நன்றி கூறவேண்டியோர் சினந்தெழுந்தனர். தென் கரோலினாவின் காங்கிரஸ் உறுப்பினர் ஜேம்ஸ் பேர்ன்ஸ் முதலியோர், தம் நாட்டில் பஞ்சமே இல்லை என்றும், இஃது அவதூறு என்றும் முழங்கினர். பத்திரிகைகள் ஒத்தூதின. வணிகம் கெடும், நிலவிலை விழும், வெளியார் வரமாட்டார் என்பதே அவர்தம் அச்சம். உதவி வேண்டாம் என்று ஊர்மன்றங்கள் தீர்மானம் நிறைவேற்றின. ஏழைகள் அச்சபைகளில் இருக்கவில்லை.

கூலியை உயர்த்தவோ நிலத்தைப் பங்கிடவோ மருத்துவர் ஒருவருக்கு வலிமை ஏது? பருத்தியோடு வேறு பயிரும் செய்க, வீட்டுக்கொரு பசு வளர்க்க என்று அவர் சொல்லிப் பார்த்தார்; அதற்கு நிலம் உழுபவனுடையதாக இருக்கவேண்டும். ஆதலால் மலிவான மருந்தொன்றைத் தேடினார். நாய்களுக்கு வரும் கருநாக்கு நோய் பெலாக்ராவை ஒத்தது எனத் தெரிந்து, சோளமிகு உணவால் ஆய்வுக்கூட நாய்களுக்கு அதனை உண்டாக்க முயன்றார். சுவையற்ற அவ்வுணவை நாய்கள் தொடாமையால், பசியைத் தூண்ட எண்ணி ஈஸ்ட் எனப்படும் மதுவத்தைக் கலந்தனர். நாய்கள் உண்டன, நோயோ வரவில்லை. தூண்டுதலுக்கு இட்டதே மருந்தாயிருந்தது. 1925 அளவில், மதுவடிசாலையில் மலிவாகக் கிடைத்த உலர்ந்த மதுவம் மனிதருக்கும் பயன்படும் எனக் காட்டினார். 1927இல் மிசிசிப்பிப் பேராறு கரைபுரண்டு இலட்சக்கணக்கானோர் வீடிழந்தபோது, அவரும் சிடென்ஸ்ட்ரிக்கரும் வெள்ளப் பிரதேசமெங்கும் சென்று பார்த்தனர். அவர்கள் சொற்படி செஞ்சிலுவைச் சங்கம் ஆயிரக்கணக்கான இறாத்தல் மதுவத்தைப் பகிர்ந்தது. இம்முறை எவரும் அவதூறு என்று சொல்லவில்லை.

மதுவத்துள் இருந்த பொருள் யாதென அவர் அறியவில்லை. பெலாக்ராத் தடுப்புக் காரணி என்று மட்டும் பெயரிட்டிருந்தார். 1937இல் விஸ்கொன்சின் பல்கலைக்கழகத்தில் கொன்ராட் எல்வேஜெம் என்பவர், கருநாக்குற்ற நாய்களை நிக்கொற்றினிக் அமிலம் குணப்படுத்துவதைக் கண்டார். இன்று நயசின் எனப்படும் விற்றமின் அதுவே. பாலிலும் முட்டையிலும் அது சிறிதளவே உண்டு. பின் அவை எவ்வாறு நோயைத் தடுத்தன? அவற்றின் புரதத்திலுள்ள திரிப்தொபேன் என்னும் அமினோ அமிலத்தை உடல் நயசினாக மாற்றிக்கொள்கிறது. இதனை உலகம் 1940களிலேயே தெளிந்தது. ஆனால் 1922 அளவில் கோல்ட்பேர்கரும் டானரும் ஒரு நோயாளிக்குத் திரிப்தொபேன் கொடுத்து நலம் கண்டதைக் குறித்திருந்தனர். கதவின் தாழ்வரை கை சென்றிருந்தது.

சோளத்திலும் நயசின் இல்லாமலில்லை. உடல் எடுத்துக்கொள்ள இயலாதவாறு அது கட்டுண்டு கிடக்கிறது. சுண்ணாம்பு நீரில் ஊறவைத்து வேகவைத்தால் அக்கட்டு அவிழும். மெக்சிக்கோவின் தொல்குடிப் பெண்டிர் பல நூற்றாண்டுகளாக அவ்வாறே சமைத்தனர். சோளத்தையே உண்டும் பெலாக்ரா அறியாதிருந்தனர். கொலம்பசுக்குப் பின்வந்தோர் சோளத்தைக் கொண்டுசென்றனர். சுண்ணாம்புப் பானையை விட்டுச் சென்றனர்.

நம்மவரோடும் இக்கதைக்கு ஓர் இழை உண்டு. தக்கணப் பீடபூமியின் ஏழைகளிடம், இந்தியாவிலே சோளம் எனவும் நாம் இறுங்கு எனவும் வழங்கும் தானியத்தை உண்போரிடம், பெலாக்ரா காணப்பட்டது. இறுங்கிலே திரிப்தொபேனுக்குக் குறைவில்லாதிருந்தும் நோய் வருவானேன்? ஹைதராபாத் ஊட்டச்சத்து ஆய்வுகூடத்தில் 1960 முதல் இதனை ஆராய்ந்தவருள் முதல்வர் சேலத்திற் பிறந்த சி. கோபாலன் அவர்கள். இறுங்கில் மிக்குள்ள லூசின் என்னும் அமினோ அமிலத்தின் சமநிலைக் கேடே ஏது என அவரும் ஸ்ரீகாந்தியாவும் கருதினர். அக்கருத்து இன்றும் முற்றுமுடிந்த ஒன்றன்று.

மீண்டும் கோல்ட்பேர்கரிடம் வருவோம். 1928இன் பிற்பகுதியில் அவர் உடல் தளர்ந்தது. சிறுநீரகத்தில் எழுந்த புற்றுநோய் என்பது வெளிப்படையாகுமுன் அது முற்றிவிட்டது. நோபல் பரிசுக்கு அவர் பெயர் பன்முறை முன்மொழியப்பட்டது, பரிசு வரவில்லை. வீட்டிலே மனைவியும் நான்கு பிள்ளைகளும் இருந்தனர்; அரசாங்கச் சம்பளத்துக்கு மேல் அவர் சேர்த்தது ஒன்றுமில்லை. 1929 ஜனவரி 17ஆந் திகதி, ஐம்பத்து நான்காம் வயதில், வாஷிங்டன் நகரில் அவர் காலமானார். அவர் உடலின் சாம்பல் பொட்டோமக் ஆற்றிற் கரைக்கப்பட்டது. யூத குருவொருவர் இறந்தோர்க்குரிய பிரார்த்தனையை ஓதினார். தென்னாட்டின் பருத்திக் கிராமங்களில் அப்பொழுது கூதிர்காலம். முந்திய ஆண்டின் புண்கள் ஆறியிருந்தன. வசந்தம் வர இன்னும் இரண்டு மாதம் இருந்தது.